பின்பால்: கணினியில் ஆடுவதும் நிஜ இயந்திரத்தில் ஆடுவதும் ஒன்றா?

கேள்வி: விண்டோஸ் எக்ஸ்பியில் வந்த பின்பால் மட்டும்தான் ஆடியிருக்கிறேன். நிஜ இயந்திரத்திலும் அதே மாதிரிதானா? குண்டு போகிற போக்கில் போகிற அதிர்ஷ்ட விளையாட்டில் அப்படி என்னதான் இருக்கிறது?

இரண்டும் ஒன்றல்ல. சாய்ந்த மேசையில் உருளும் குண்டைக் கீழே விழவிடாமல் திருப்பி அடித்துப் புள்ளி சேர்ப்பதுதான் பின்பால். அதிர்ஷ்டமும் நீங்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை. முப்பது வருடத்துக்கு மேலாக இந்தப் பைத்தியம் பிடித்து அலைகிறவன் என்பதால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஏழு வயதிருக்கும். கோனியம்மன் தேருக்குப் போட்டிருந்த கடையில் அப்பா ஒரு பலகை வாங்கித் தந்தார். ஒரு முழ நீளம், நீலப் பெயின்ட், அதன் மேல் வளைவு வளைவாக அறைந்த ஆணிகள், வலது ஓரத்தில் ஸ்பிரிங் வைத்த கம்பி. கூடவே சைக்கிள் பால்ரஸ் மாதிரி ஏழெட்டுக் குண்டுகள். கம்பியை இழுத்து விட்டால் குண்டு மேலே ஏறி, ஆணிகளில் முட்டி மோதி, 50, 100, 500 என்று எழுதிய ஏதாவது ஒரு கூட்டுக்குள் விழும். கம்பியை விட்ட பிறகு நமக்கு வேலை கிடையாது. நான் வேலையை உண்டாக்கிக்கொள்வேன். பலகைக்கு அடியில் முழங்காலைக் கொடுத்து, குண்டு 500 பக்கம் வரும்போது லேசாக ஒரு எக்கு எக்குவேன். "அழுகுணி ஆட்டம் ஆடுறான்" என்று அக்கா கத்துவாள். அப்பாவுக்கு வேறு கவலை. நாங்கள் புளியங்கொட்டை வைத்துப் பந்தயம் கட்டுவதைப் பார்த்துவிட்டு, "காசு குடுத்து சூதாட்டத்தை வீட்டுக்குள்ள கொண்டுவந்துட்டேன்" என்றார்.

அழுகுணி, சூது. அமெரிக்காவில் பின்பால் சுமந்த புகார்களும் இந்த இரண்டுதான் என்பது வெகுகாலம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

எங்கள் தேர்க்கடைப் பலகையின் பெயர் பாகட்டெல். பிரான்சில் பிரபலமான மேசை விளையாட்டு அது. அதில் ஸ்பிரிங் கம்பியை வைத்து 1871-இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியவர் மான்டேகு ரெட்கிரேவ். 1931-இல் சிகாகோவின் டேவிட் காட்லீப் 'பேஃபிள் பால்' என்ற பெட்டியைக் கொண்டுவந்தார். பொருளாதாரம் படுத்துக் கிடந்த காலம். ஒரு சென்ட் போட்டால் சில குண்டுகள் கிடைக்கும் என்றால் யார் விடுவார்கள்? கடைக்குக் கடை பெட்டி முளைத்தது. ஆனால் அதுவும் என் பலகை மாதிரியேதான், கம்பியை விட்டதோடு சரி. ஜெயித்தவனுக்குக் கடைக்காரர் கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுத்தால் அது சூதுதான், அப்பா சொன்னது தப்பில்லை. 1942-இல் நியூயார்க் மேயர் லா கார்டியா பின்பாலைத் தடை செய்து, பறிமுதல் செய்த பெட்டிகளைச் சம்மட்டியால் உடைத்துப் புகைப்படமும் எடுத்துக்கொண்டார்.

அப்புறம்தான் விஷயமே வருகிறது. 1947-இல் காட்லீப் நிறுவனம் 'ஹம்ப்டி டம்ப்டி' என்ற இயந்திரத்தை வெளியிட்டது. வடிவமைத்தவர் ஹாரி மாப்ஸ். பக்கத்துக்கு மூன்றாக ஆறு ஃபிளிப்பர்கள், அதாவது பொத்தானை அழுத்தினால் குண்டை அடிக்கிற சின்னக் கைகள், மின்சாரத்தில் அடிக்கும். அடுத்த வருடமே ஸ்டீவ் கோர்டெக் என்பவர் ஜென்கோ நிறுவனத்துக்காகச் செய்த இயந்திரத்தில் இரண்டே இரண்டு ஃபிளிப்பரைக் கீழே வைத்தார். இன்று வரை பின்பால் என்றால் நம் கண்ணில் வருவது அந்த இரண்டுதான். கீழே விழப்போகிற குண்டைத் திருப்பி அடிக்கலாம், அதுவும் நினைத்த திசையில் அடிக்கலாம் என்று ஆனதும் இது வேறு விளையாட்டாகிவிட்டது. சட்டத்துக்கு அது புரிய இன்னும் ஏறக்குறைய முப்பது வருடம் ஆனது.

1976 ஏப்ரலில் நியூயார்க் நகர மன்றக் குழுவின் முன் ரோஜர் ஷார்ப் என்ற இளம் பத்திரிகையாளர் சாட்சி சொல்ல வந்தார். இது திறமை விளையாட்டு என்று ஆடிக் காட்ட வேண்டும். இரண்டு இயந்திரங்கள் கொண்டுவந்திருந்தார்கள். ஒன்று ஆடுவதற்கு, மற்றது மாற்றுக்கு. உறுப்பினர் ஒருவர் சந்தேகப்பட்டு, "அந்த மாற்று இயந்திரத்தில் ஆடு" என்றார். ஷார்ப் ஆடினார். கடைசியில், கம்பியை இழுக்கும் முன்பே, குண்டு மேலே நடுவில் இருக்கிற வழியாக இறங்கும் என்று சொல்லிவிட்டு விட்டார். இறங்கியது. தடை போனது. அந்த ஒரு அடியில் அதிர்ஷ்டமும் கைகொடுத்தது என்று ஷார்ப்பே பிறகு ஒப்புக்கொண்டிருக்கிறார். சட்டத்தை மாற்றியது ஃபிளிப்பர் அல்ல, என் பலகையிலும் இருந்த அதே ஸ்பிரிங் கம்பி! இதை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்புதான்.

சரி, உங்கள் எக்ஸ்பி பின்பாலுக்கு வருவோம். 'ஸ்பேஸ் கேடட்' அதன் பெயர். 1995-இல் மேக்சிஸ் நிறுவனம் வெளியிட்ட 'ஃபுல் டில்ட்' என்ற தொகுப்பில் இருந்த மூன்று மேசைகளில் ஒன்று. மைக்ரோசாஃப்ட் அதை விண்டோஸ் 95-க்கான பிளஸ் தொகுப்பில் சேர்த்தது, பிறகு எக்ஸ்பி வரை தொடர்ந்தது. கல்லூரி நாட்களில் பிரவுசிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து உட்காருவோம். பாதி நேரம் நெட் வராது. வரும் வரை இதுதான். கேடட்டாகத் தொடங்கி ஃப்ளீட் அட்மிரல் வரை ஒன்பது பதவிகள் உண்டு என்பது பலருக்குத் தெரியாது, ஏனென்றால் பணியைத் தேர்ந்தெடுத்து ஏவுதளச் சரிவில் குண்டை ஏற்ற வேண்டும் என்பதே தெரியாமல் குண்டை எகிறவிடுகிற பம்பரில் மோதவிட்டுக்கொண்டிருப்பார்கள். நானும் ஒரு வருடம் அப்படித்தான் ஆடினேன். சென்டர்காரர் கோபப்படுவது ஒரே விஷயத்துக்கு: விசைப்பலகையில் ஃபிளிப்பருக்கான இசட் விசையும் சாய்கோடு விசையும் மட்டும் தேய்ந்து எழுத்தே அழிந்திருக்கும்.

விஸ்டாவில் அது ஏன் காணாமல் போனது தெரியுமா? 64 பிட் கணினிகளுக்கு ஏற்ப மாற்றியபோது குண்டு பேய் மாதிரி எல்லாவற்றுக்கும் ஊடாகப் புகுந்து, ஏவிய உடனே அடியில் போய் விழுந்ததாம். மோதலைக் கணக்கிடும் நிரலில் எங்கே பிழை என்று கண்டுபிடிக்க முடியாமல் எடுத்துவிட்டோம் என்று மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ரேமண்ட் சென் எழுதியிருக்கிறார். உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் இதில் இருக்கிறது. திரையில் குண்டு என்பது ஒரு கணக்கு. கணக்கு தப்பினால் குண்டே இல்லை.

நிஜத்தில் அது 80 கிராம் எஃகு, 27 மில்லிமீட்டர் விட்டம். கோலிக்குண்டு நினைப்பில் கையில் வாங்கினால் கை கொஞ்சம் தாழும்.

வேலை நிமித்தம் அமெரிக்காவின் இல்லினாயில் மூன்று வருடம் இருந்தேன். 2010-இல் லாஸ் வேகாஸ் போனபோது கூட வந்தவர்கள் கேசினோவுக்குள் நுழைய, நான் டிராபிகானா சாலையில் அப்போது இருந்த பின்பால் ஹால் ஆஃப் ஃபேம் என்ற, ஆடிப் பார்க்கக்கூடிய அருங்காட்சியகத்துக்குப் போனேன். வெளியே பார்த்தால் கிடங்கு மாதிரி இருக்கும். உள்ளே வரிசை வரிசையாக இயந்திரங்கள், பழசுக்கு 25 சென்ட், புதுசுக்கு 50. ஒவ்வொன்றின் மேலும் கையால் எழுதிய ஒரு அட்டை, இது எந்த வருடம், என்ன விசேஷம் என்று. 'ஆடம்ஸ் ஃபேமிலி' என்ற இயந்திரத்தின் முன்னால் போய் நின்றேன். 1992-இல் பேட் லாலர் வடிவமைத்தது, 20,000-க்கு மேல் விற்றது. ஒரு பெட்டி திறக்கும், உள்ளிருந்து ஒரு கை வெளியே வந்து காந்தத்தால் குண்டைத் தூக்கிக்கொண்டு போய்விடும். பலகைக்கு அடியில் காந்தங்கள் வேறு, குண்டு நேராக வந்துகொண்டிருக்கும்போதே திடீரென்று வெட்டி இழுக்கும். சில சமயம் மேலே இருக்கிற சின்ன ஃபிளிப்பரை இயந்திரமே அடித்துக்கொள்ளும். தவறினால் அடுத்த முறை நேரத்தைத் திருத்திக்கொள்ளும்.

இதெல்லாம் நான் பிறகு ரசித்தது. முதல் குண்டு பதினைந்து வினாடிகூட நிற்கவில்லை. இரண்டாவதும் அப்படியே. ஃப்ளீட் அட்மிரல் பட்டமெல்லாம் அங்கே செல்லுபடியாகவில்லை. பக்கத்து இயந்திரத்தில் ஒரு தாத்தா ஆடிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்தேன். அவர் அதிகம் அடிக்கவே இல்லை. குண்டு வந்தால் ஒரு ஃபிளிப்பரைத் தூக்கியே வைத்திருப்பார், குண்டு உருண்டு வந்து அதன் மடியில் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் நிதானமாக விடுவார், குண்டு ஃபிளிப்பர் நுனியை நோக்கி உருளும், எந்த இடத்தில் அடிக்கிறாரோ அதைப் பொறுத்து திசை. அதோடு இடுப்பு. இரண்டு ஃபிளிப்பருக்கும் நடுவில் குண்டு விழப்போகிறது என்றால் பெட்டியை உள்ளங்கையால் ஒரு தட்டு, இடுப்பால் ஒரு சின்ன தள்ளு. அவ்வளவு பெரிய பெட்டி ஒரு விரற்கடை நகரும், குண்டு தப்பிவிடும்.

என் முழங்கால்! அக்கா அழுகுணி என்று சொன்னது இங்கே வித்தை.

அதற்கும் எல்லை வைத்திருக்கிறார்கள். பெட்டிக்குள் ஒரு வளையத்தின் நடுவில் கொத்தனார் வைத்திருக்கிற தூக்குக்குண்டு மாதிரி ஒன்று தொங்கும். பெட்டியை அதிகமாக உலுக்கினால் அது ஆடி வளையத்தைத் தொடும், மின்சுற்று பூர்த்தியாகும், 'டில்ட்' என்று எழுதி விளக்கு அணைந்து ஃபிளிப்பர்கள் செத்துவிடும். 1930-களில் இந்த ஏற்பாட்டைத் தொடங்கி வைத்தவர் ஹாரி வில்லியம்ஸ். அவர் முதலில் யோசித்தது பெட்டிக்கு அடியில் ஆணி அடித்து வைப்பதைத்தானாம், தட்டுகிறவன் கையில் குத்தட்டும் என்று. நல்ல வேளை மனசு மாறினார். தூக்குக்குண்டு எப்போது வளையத்தைத் தொடும் என்பதை உடம்பால் தெரிந்துகொள்வதுதான் நிஜ பின்பாலில் பாதிப் படிப்பு.

மீதிப் பாதி பெட்டியைத் திறந்தால் வரும். இல்லினாயில் அலுவலக நண்பர் ஒருவர் வீட்டு பேஸ்மென்டில் 1980-களின் இயந்திரம் ஒன்று இருந்தது. இடது ஃபிளிப்பர் சோர்ந்து போய், குண்டைப் பாதி தூரம்கூட ஏற்றவில்லை. கண்ணாடியை உருவிவிட்டுப் பலகையைத் தூக்கி நிறுத்தினோம். அடியில் ஒரு தறிக்கூடம் அளவுக்குக் கம்பி. கோயமுத்தூர்க்காரனுக்கு மோட்டார் வைண்டிங் புதிதா என்ன? ஃபிளிப்பரை இயக்குகிற காயிலில், அதாவது கம்பிச் சுருளில், இரண்டு சுற்று இருக்கிறது. தடித்த கம்பிச் சுற்று ஓங்கி அடிப்பதற்கு, மெல்லிய கம்பிச் சுற்று தூக்கிப் பிடித்தபடி வைத்திருப்பதற்கு. ஃபிளிப்பர் உச்சிக்குப் போனதும் ஒரு சின்ன சுவிட்சைத் தள்ளித் திறக்கும், உடனே மின்னோட்டம் குறைந்துவிடும். திறக்காவிட்டால் காயில் எரிந்துபோகும். இந்த இயந்திரத்தில் அந்த சுவிட்சின் முனைகள் கரி பிடித்துக் கறுத்திருந்தன, அடிக்க வேண்டிய சமயத்தில் முழு மின்சாரம் போகவில்லை. சின்ன அரத்தால் நாலு தேய். அவ்வளவுதான். பொத்தானை அழுத்தியதும் பலகை முழுக்க அதிர்கிற மாதிரி ஒரு அறை விழுந்தது. நண்பரின் மனைவி மேலே இருந்து "என்ன உடைஞ்சது?" என்று கேட்டார்.

திரைப் பின்பாலை மட்டம் தட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. 1983-லேயே பில் பட்ஜ் என்பவர் நாமே மேசையைக் கட்டிக்கொள்கிற மென்பொருளைக் கொடுத்தார். 1992-இல் அமிகா கணினியில் வந்த 'பின்பால் ட்ரீம்ஸ்' இன்றைக்கும் ஆடலாம். ஊர் திரும்பியபின் எனக்கு வாய்த்திருப்பதும் திரை மட்டும்தான். ஆனால் அங்கேயும் ஒரு வில்லங்கம் உண்டு. பழைய நிஜ மேசைகளை அப்படியே கணினிக்குக் கொண்டுவந்த செயலி ஒன்றில் நான் ஆசை ஆசையாக ஆடினேன். 2018-இல் உரிமம் முடிந்து, வில்லியம்ஸ், பேலி என்ற பழைய தயாரிப்பாளர்களின் மேசைகள் எல்லாம் விற்பனையிலிருந்து போய்விட்டன. எஃகுப் பெட்டி துருப்பிடித்தாலும் அரம் வைத்துத் தேய்த்துவிடலாம், உரிமத்தைத் தேய்க்க முடியாது. பிறகு வேறொரு நிறுவனம் அவற்றில் பலவற்றைத் திரும்பக் கொண்டுவந்தது என்பது உண்மைதான், நான்தான் இரண்டாம் முறை காசு கொடுத்தேன்.

இனி ஆடும்போது உங்களுக்கு ஒன்றிரண்டு. பதறி இரண்டு ஃபிளிப்பரையும் சேர்த்து அடிக்காதீர்கள், நடுவில் வழி திறந்துகொள்ளும். குண்டு மெதுவாக வந்தால் எதுவும் செய்யாமல் விட்டுப் பாருங்கள், ஒரு ஃபிளிப்பரில் பட்டு மற்றதற்குத் தானே தாவும். அடிப்பதற்கு முன் நிறுத்துங்கள். ஸ்பேஸ் கேடட்டை ஆர்வலர்கள் மறுபடி உருவாக்கியிருக்கிறார்கள், உலாவியிலேயே ஓடுகிறது. இசட்டும் சாய்கோடும் ஃபிளிப்பர் என்பது உங்களுக்குத் தெரியும். எக்ஸ் விசையையும் முற்றுப்புள்ளி விசையையும் அழுத்திப் பார்த்திருக்க மாட்டீர்கள். மேசை லேசாக ஆடும். அதுதான் முழங்கால்.