முதலில் கடிகாரம், அப்புறம் மென்பொருள்

வீடியோ, பாட்காஸ்ட், எழுத்து என்று தனியாளாக நடத்துகிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறேன். 12 வருடமாக ரெக்கார்டிங்கிலிருந்து சப்டைட்டில் வரை நானும் ஒற்றை ஆளாகத்தான் பார்த்துவருகிறேன். கையில் வைத்துப் பழகியதை வைத்தே பேசுகிறேன்.

கேள்வி: அக்கா, கணக்குப் பாடங்களை ஆறு நிமிட வீடியோவாகப் போடுகிறேன். வாரம் ஒன்று என்று ஆரம்பித்தது, இப்போது மாதம் ஒன்று வந்தாலே பெரிது. பிரீமியர், டாவின்சி ரிசால்வ், கேப்கட், நோஷன், ட்ரெல்லோ, கேன்வா என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். எதை முதலில் கற்றுக்கொள்வது? – ஓர் ஆசிரியை

உங்கள் கடிதம் வந்ததும் ஒரு வேலை கொடுத்தேன், நினைவிருக்கும். அடுத்த வீடியோ செய்யும்போது, எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று ஒரு தாளில் குறித்து அனுப்புங்கள் என்றேன். நீங்களும் பொறுப்பாக அனுப்பினீர்கள். மொத்தம் 11 மணி நேரம். பாடக்குறிப்பு எழுத 1 மணி 10 நிமிடம், ரெக்கார்டிங் இரண்டரை மணி, ஃபைல்களைத் தேடி எடுக்க 1 மணி 40 நிமிடம், தடுமாறிய இடங்களை வெட்ட 3 மணி, சப்டைட்டில் 2 மணி, தம்நெயில் என்ற முகப்புப் படம் 40 நிமிடம்.

இந்தத் தாளை உங்கள் மென்பொருள் பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நோஷனும் ட்ரெல்லோவும் திட்டமிட உதவுபவை. உங்களுக்குத் திட்டமிடுவதில் சிக்கலே இல்லை, பாடக்குறிப்பு ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. கேன்வாவில் தம்நெயிலை 20 நிமிடத்தில் முடித்தாலும் 11 மணியில் 20 நிமிடம்தான் மிச்சம். நேரம் போகும் இடம் வேறு.

ஃபைல் தேடும் 1 மணி 40 நிமிடத்துக்கு எந்த மென்பொருளும் வேண்டாம். ஒவ்வொரு வீடியோவுக்கும் ஒரு ஃபோல்டர், அதன் பெயர் தேதியில் தொடங்கட்டும்: 2025-03-14_பின்னங்கள்_02. வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் கம்ப்யூட்டர் தானாகவே கால வரிசையில் அடுக்கிவிடும். உள்ளே நான்கே ஃபோல்டர்: எழுத்து, ஒலி, படம், முடிந்தது. போனிலிருந்து இறக்கும் அன்றே பெயர் மாற்றிவிடுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் ஐ.எம்.ஜி. என்று தொடங்கும் 200 ஃபைல்களில் எது நல்ல டேக், அதாவது சரியாக வந்த பதிவு, என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டியிருக்கும். உங்கள் 1 மணி 40 நிமிடம் அங்கேதான் போகிறது.

வெட்டும் மூன்று மணி நேரத்துக்கு ரெக்கார்டிங்கின்போதே ஒரு வழி இருக்கிறது. பேசும்போது தடுமாறினால் நிறுத்த வேண்டாம். ஒரு முறை பலமாகக் கைதட்டுங்கள், இரண்டு விநாடி சும்மா இருங்கள், அந்த வாக்கியத்தை முதலிலிருந்து சொல்லுங்கள். எடிட்டிங்கில் காட்சிகளை வரிசையாக அடுக்கும் டைம்லைனைத் திறந்ததும் ஒலியின் அலைவடிவத்தில் கைதட்டு ஊசி மாதிரி நிமிர்ந்து நிற்கும், அதற்குப் பின்னால் ஒரு தட்டைக் கோடு. முழு வீடியோவையும் ஓடவிட்டுக் கேட்காமல் ஊசி தெரியும் இடங்களுக்கு மட்டும் போய் வெட்டலாம். நான் நாற்பது நிமிட நேர்காணலை இப்படித்தான் முதல் சுற்று வெட்டுகிறேன்.

சரி, இதெல்லாம் செய்த பிறகு எந்த எடிட்டிங் மென்பொருள்? உங்கள் லேப்டாப்பில் 8 ஜி.பி. ரேம், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ரிசால்வ் அருமையான மென்பொருள். இலவசப் பதிப்பிலேயே 4கே அளவு வரை எக்ஸ்போர்ட் செய்யலாம், நிறம் சரிசெய்வதில் அதற்கு ஈடு குறைவு. ஆனால் உங்கள் கம்ப்யூட்டரில் அது திணறும், நீங்கள் உங்கள் மேல்தான் கோபப்படுவீர்கள். ஷாட்கட் அல்லது கேடென்லைவ் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் இலவசம், இரண்டும் திறமூலம் (நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம்), இரண்டிலும் ப்ராக்ஸி வசதி உண்டு. ப்ராக்ஸி என்றால், பெரிய வீடியோவுக்கு ஒரு சின்ன நகல் எடுத்து அதை வைத்து எடிட் செய்வது. கடைசியில் எக்ஸ்போர்ட் செய்யும்போது மென்பொருளே அசல் ஃபைலுக்கு மாறிக்கொள்ளும். வேகம் குறைந்த லேப்டாப்புக்கு இது பெரிய வரம்.

இன்னொன்றும் எழுதியிருந்தீர்கள்: போனில் எடுத்த வீடியோவில் போகப்போக உதடும் பேச்சும் பொருந்தாமல் போகிறது. அது உங்கள் தவறில்லை. போன் கேமரா விநாடிக்கு 30 பிரேம் என்பதை வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்பக் கொஞ்சம் கூட்டிக் குறைக்கும். சில எடிட்டர்களுக்கு இந்த ஏற்ற இறக்கம் பிடிபடாது. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் அந்த வீடியோவைப் போட்டு, ‘கான்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட்’ என்பதைத் தேர்ந்து ஒரு முறை மாற்றி எடுத்து, அதை டைம்லைனில் வையுங்கள். உதடும் பேச்சும் பொருந்திவிடும்.

கேள்வி: மாதச் சந்தா கட்டும் மென்பொருளா, இலவச மென்பொருளா? நண்பர்கள் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். – பயண வீடியோ எடுப்பவர்

சந்தா கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன். பிரீமியரைத் தயாரிக்கும் அடோபி 2013-ல் சந்தா முறைக்கு மாறியபோது எனக்கும் வருத்தம்தான். ஆனாலும் வாடிக்கையாளர் பிரீமியர் ஃபைல்தான் வேண்டும் என்று கேட்டால் பிரீமியரில்தான் செய்து கொடுக்க வேண்டும். அந்தச் சந்தாவை அந்த வேலையே கட்டிவிடும்.

சந்தாவைவிட நான் கவலைப்படுவது வெளியே வரும் வழியைப் பற்றி. எதில் நுழைந்தாலும், முதல் நாளே ஒரு சின்ன வேலையை அதில் செய்து, வெளியே எடுத்து, வேறொரு மென்பொருளில் திறந்து பாருங்கள். குறிப்புகள் என்றால் சாதாரண எழுத்து ஃபைலாக வருகிறதா? மின்னஞ்சல் மடல் என்றால் சந்தாதாரர் பட்டியலை சி.எஸ்.வி. என்ற சாதாரண அட்டவணை ஃபைலாக இறக்க முடிகிறதா? அந்தப் பட்டியல் உங்கள் கையில் இருந்தால் நாளைக்கே வேறு சேவைக்கு மாறலாம். இல்லாவிட்டால் வாசகர்களை விட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

எனக்கு இது பட்டுத் தெரிந்தது. ஐந்து வருடம் எழுதிய ஸ்கிரிப்டுகளை ஒரு குறிப்புச் சேவையில் வைத்திருந்தேன். மாற நினைத்து ‘எக்ஸ்போர்ட்’ அழுத்தினேன். 340 ஸ்கிரிப்டும் ஒரே பி.டி.எஃப். ஆக வந்தது, தேதி இல்லை, தலைப்புகள் பாதியில் வெட்டுப்பட்டிருந்தன. அதைப் பிரித்து அடுக்க இரண்டு வாரம் உட்கார்ந்தேன். இப்போது ஆப்சிடியன் என்ற குறிப்பு மென்பொருளில் எழுதுகிறேன். அது என் ஃபோல்டரில் சாதாரண மார்க்டவுன் ஃபைலாகவே சேமிக்கிறது. மார்க்டவுன் 2004-ல் வந்தது, வெறும் எழுத்துதான், எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கும். நாளைக்கு ஆப்சிடியனே இல்லாமல் போனாலும் என் எழுத்து இருக்கும்.

பெரிய நிறுவனம் என்றால் நிலைத்து நிற்கும் என்றும் நம்பிவிட வேண்டாம். விண்டோஸ் மூவி மேக்கரில் எடிட்டிங் பழகியவர்கள் எத்தனையோ பேர். 2017-ல் மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்திவிட்டது. எவர்நோட் என்ற குறிப்புச் சேவை 2023 டிசம்பரில் இலவசக் கணக்குக்கு 50 குறிப்புகள் என்று எல்லை வைத்தது. ஆகவே, வீடியோ முடிந்ததும் ப்ராஜெக்ட் ஃபைலோடு நிற்காமல், எழுத்து போடாத ஒரு முழுத் தரப் பிரதியையும் எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொள்ளுங்கள். ப்ராஜெக்ட் திறக்காமல் போகலாம், வீடியோ ஓடும்.

கேள்வி: வீடியோவில் தமிழ்த் தலைப்பு போட்டால் ‘கொ’ உடைந்து கொம்பும் காலும் தனித்தனியாக நிற்கிறது. ஃபான்ட் பிரச்சினையா, மென்பொருள் பிரச்சினையா? – கவிதை வாசிக்கும் சேனல் வைத்திருப்பவர்

பெரும்பாலும் மென்பொருள்தான். கொம்பு எழுத்துக்கு முன்னால் வர வேண்டும், கால் பின்னால் வர வேண்டும் என்று தெரிந்து அடுக்கும் வேலையை மென்பொருள் செய்ய வேண்டும். பிரீமியரில் இதற்கு ஒரு தேர்வு இருக்கிறது: பிரிஃபரன்சஸ், கிராபிக்ஸ் என்று போய், ‘டெக்ஸ்ட் எஞ்சின்’ என்பதை ‘சவுத் ஏஷியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன்’ என்று மாற்றுங்கள். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளிலும் எழுத்துக்கான அமைப்பில் ‘வேர்ல்ட்-ரெடி லேஅவுட்’ என்று உண்டு. அப்படியொரு தேர்வே இல்லாத எடிட்டர் என்றால், தலைப்பை இங்க்ஸ்கேப், கிம்ப் என்ற இலவசப் பட மென்பொருள்களில் ஒன்றில் எழுதி, பின்னணி இல்லாத பி.என்.ஜி. படமாக எடுத்து வீடியோ மேல் வையுங்கள். அவை இரண்டும் தமிழை ஒழுங்காக அடுக்குகின்றன.

புது மென்பொருள் எதைப் பார்த்தாலும் நான் முதலில் தட்டும் வரி இதுதான்: கொ கோ கௌ ஸ்ரீ க்ஷ ணை லை னை. இதில் ஒன்று உடைந்தாலும், மற்ற வசதி எவ்வளவு இருந்தாலும், தலைப்பு வேலைக்கு அதை எடுப்பதில்லை.

ஃபான்ட், எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் இருக்கட்டும். பாமினி மாதிரி பழைய ஃபான்டில் எழுதினால் திரையில் அழகாகத் தெரியலாம், ஆனால் அந்த எழுத்தை நகலெடுத்து வேறெங்கும் ஒட்டினால் ஆங்கிலக் குப்பையாக வரும், தேடினாலும் கிடைக்காது. நோட்டோ சான்ஸ் தமிழ், ஹிந்த் மதுரை, கடமரன், மீரா இனிமை எல்லாம் இலவசம், வணிக வீடியோவிலும் பயன்படுத்தலாம்.

கேள்வி: என் பாட்காஸ்ட் ஒரு பகுதி உரக்க, ஒரு பகுதி மெல்ல ஒலிக்கிறது. நல்ல மைக் வாங்கினால் சரியாகுமா? – கதை சொல்லும் கல்லூரி மாணவர்

மைக் வேண்டாம், தம்பி. ஆடாசிட்டி என்ற இலவச ஒலி எடிட்டிங் மென்பொருளில் ‘லவுட்னஸ் நார்மலைசேஷன்’ என்ற எஃபெக்ட் இருக்கிறது. ஒலி எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதைக் குறிக்கும் எல்.யு.எஃப்.எஸ். என்ற அளவில் மைனஸ் 16 என்று கொடுங்கள், ஒரே சேனலில் எடுத்த ஒலி என்றால் மைனஸ் 19. எல்லாப் பகுதிக்கும் அதே எண். ஒரே பகுதிக்குள் ஏற்ற இறக்கம் பெரிதாக இருந்தால் அதற்கு முன்பு, உரத்த இடங்களை அடக்கிச் சமமாக்கும் ‘கம்ப்ரஸர்’ ஒரு முறை. மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வைத்து, தலையைத் திருப்பாமல் பேசிப் பழகுங்கள்.

கேள்வி: ஒரு மணி நேரம் ரெக்கார்டு செய்துகொண்டிருந்தபோது மின்சாரம் போய்விட்டது. ஃபைல் இருக்கிறது, ஆனால் திறக்கவில்லை. மீட்க முடியுமா? இனி எந்த மென்பொருள் நல்லது? – நேர்காணல்கள் செய்பவர்

உங்கள் கடிதத்தைப் படித்ததும் வயிறு கலங்கியது. எனக்கும் இதே நடந்திருக்கிறது. ஒரு முதிய நெசவாளரோடு 70 நிமிடம் பேசினேன், கடைசியில் லேப்டாப் அணைந்தது, ஃபைல் திறக்கவே இல்லை. மறுபடி போய்க் கேட்டேன், அன்போடு எல்லாவற்றையும் திரும்பச் சொன்னார். ஆனால் முதல் முறை தறியைத் தொட்டுக்கொண்டு சும்மா இருந்தாரே, அந்த மௌனம் இரண்டாம் முறை வரவில்லை.

காரணம் இதுதான். சாதாரண எம்.பி.4 ஃபைலில், எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை பொதுவாக ரெக்கார்டிங் முடியும்போதுதான் எழுதப்படும். நடுவில் நின்றால் படமெல்லாம் உள்ளே இருக்கும், அட்டவணை இருக்காது. அதே கேமராவில், அதே அமைப்பில் எடுத்த நல்ல ஃபைல் ஒன்றை மாதிரியாகக் கொடுத்தால் சில பழுதுநீக்கும் மென்பொருள்கள் அட்டவணையை மறுபடி கட்டிப் பார்க்கும். பழுதான ஃபைலின் நகலில் முயன்று பாருங்கள், அசலைத் தொட வேண்டாம். சில சமயம் முழுதாகக் கிடைக்கும், சில சமயம் ஒன்றும் கிடைக்காது.

இனிமேல் கம்ப்யூட்டரில் எடுக்கும்போது ஓ.பி.எஸ். ஸ்டூடியோ என்ற ரெக்கார்டிங் மென்பொருளில் எம்.கே.வி. என்ற ஃபைல் வடிவத்தில் எடுங்கள். மின்சாரம் போனாலும் அதுவரை எடுத்தது மிஞ்சும். முடிந்ததும் ஃபைல் மெனுவில் ‘ரீமக்ஸ்’ கொடுத்தால் சில நொடிகளில் எம்.பி.4 ஆகிவிடும், தரமும் குறையாது.

எடுத்ததைப் பாதுகாப்பதற்கு 3-2-1 என்று ஒரு கணக்கு உண்டு, பீட்டர் க்ரோ என்ற புகைப்படக் கலைஞர் பரப்பியது. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். கூகுள் ட்ரைவ் மாதிரி தானாகப் பொருந்திக்கொள்ளும் சேவையை மட்டும் பேக்கப் என்று எண்ண வேண்டாம். இங்கே தவறி அழித்தால் அங்கேயும் அழியும். இடம் எவ்வளவு வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். விநாடிக்கு 50 மெகாபிட் என்ற தரத்தில் ஒரு மணி நேரம் எடுத்தால் 22.5 ஜி.பி. வரும். மாதம் நான்கு நேர்காணல், மூன்று பிரதி என்றால் 270 ஜி.பி. இதைக் கணக்குப் போட்டுவிட்டு ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள்.

கேள்வி: சப்டைட்டிலை ஏ.ஐ. மென்பொருளிடம் விட்டுவிடலாமா? – முதலில் கேட்ட அதே ஆசிரியை

முதல் வரைவுக்கு விடலாம். ஓப்பன்ஏ.ஐ. 2022 செப்டம்பரில் வெளியிட்ட விஸ்பர், பேச்சை எழுத்தாக்கும் திறமூல மென்பொருள், அதை உங்கள் கம்ப்யூட்டரிலேயே ஓட்டலாம், ஒலி வெளியே எங்கும் போகாது. தமிழையும் எழுத்தாக்கும், ஆனால் பெயர்களிலும் எண்களிலும் தடுமாறும். உங்கள் பாடத்தில் ‘முக்கால்’ என்பது வேறு ஏதாவதாக வந்தால் பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள், எனவே ஒவ்வொரு வரியையும் நீங்கள் படித்தே ஆக வேண்டும். சப்டைட்டிலைச் சேமிக்கும் எஸ்.ஆர்.டி. ஃபைல் வெறும் எழுத்துதான். வரிசை எண், அடுத்த வரியில் 00:00:04,000 --> 00:00:07,000 என்று தொடங்கும், முடியும் நேரம், அதன் கீழே வாசகம், அவ்வளவே. சேமிக்கும்போது எழுத்துக் குறியீட்டை யு.டி.எஃப்.-8 என்று தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாக நிற்கும். இதைச் செய்து பார்த்துவிட்டு, அந்த இரண்டு மணி நேரம் எவ்வளவாகக் குறைந்தது என்று மறுபடி அதே மாதிரி ஒரு தாளில் குறித்து அனுப்புங்கள்.