தாழையூத்துக் கல்லில் சிப்பி எங்கே?

அன்புள்ள ஐயா,
அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லில் சிப்பிகள் அப்படியே தெரிகின்றன. திருநெல்வேலிப் பக்கம் எங்கள் தாழையூத்துச் சுண்ணாம்புக்கல்லில் ஒன்றுகூட இல்லை. இரண்டும் கடலடியில் படிந்தவைதானே? நம்முடையது உருகி இறுகியதில் அழிந்திருக்குமோ? ‘கல்லே மாறுகிறது, மனிதன் மாறமாட்டானா?’ என்று சொல்லி வகுப்பை முடித்தேன். படிக்க நல்ல புத்தகமும் சொல்லுங்கள்.
— ஓர் ஆசிரியர், கங்கைகொண்டான்

அன்புள்ள ஆசிரியருக்கு,

புத்தகம் இருக்கட்டும். அந்த நீதிபோதனை எதற்கு சார்? கல்லைப் பார்க்க வந்த பிள்ளைகளுக்குக் கல்லைக் காட்டுங்கள், போதும்.

அரியலூர்க் கல் டைனோசர் காலத்தது. நம்முடையது வெந்து மாறியதே சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன். படிந்தது அதற்கும் முந்தி. ஓடுள்ள உயிர்கள் கடலில் பெருகியது அதன் பிறகுதான். பிறக்காத சிப்பியை எங்கே போய்த் தேட?

‘உருகி’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதை விடமாட்டேன். உருகவில்லை. சின்ன வயதில் எங்கள் தெருக்கோடியில் ஒரு காளவாசல், சுண்ணாம்புக்கல் சுடும் சூளை, இருந்தது. வெந்த கல்லை அள்ளிப் போட்டுத் தண்ணீர் தெளிப்பார்கள். புஸ்ஸென்று ஆவி கிளம்பும், கல் விண்டு பூத்து மாவாக உதிரும். கிட்டப் போனால் ஆச்சி காதைத் திருகுவாள். காளவாசல் சூட்டில், 900 டிகிரி வாக்கில், கல்லிலிருந்த கரியமில வாயு வெளியேறிவிடுகிறது. பூமிக்குள் 20 கிலோமீட்டர் ஆழத்தில் ஏறக்குறைய அதே சூட்டில் கிடந்தும் தாழையூத்துக் கல் சுண்ணாம்பாகவில்லையே, ஏன்? மேலே அவ்வளவு பாறை அழுத்திக்கொண்டிருக்கிறது. வாயு எங்கே ஓடும்? கல் கெட்டியாகவே இருந்தது. உள்ளே பொடிப் பரல்கள் கரைந்து பெரிய பரல்களோடு சேர்ந்தன. பொருள் அதேதான், அடுக்கு வேறு. உடைத்து வெயிலில் திருப்பிப் பாருங்கள், கல்கண்டு மாதிரி முகம் முகமாக மினுங்கும்.

பக்கத்தில் களிமண்ணாகப் படிந்தது கார்னெட் என்ற சிவப்பு மணிகள் பதித்த பாறையானது. அது கொஞ்சம் உருகவும் செய்தது, ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பாறைகள் தேய்ந்துதான் நம் கடற்கரை மணலில் சிவப்புப் பொடி கிடக்கிறது. உவரியில் ஒரு கை அள்ளினால் தெரியும். எரிமலைக் குழம்புவரை போய்த் திரும்பாமலே பாறை மறுபடி மணலாகிவிட்டது.

பாறைச் சுழற்சிப் பாடப்படத்தில் வட்டமாக அம்புக்குறி போட்டு, பாறைகள் ஏதோ டவுன் பஸ் மாதிரி எல்லா ஸ்டாப்பிலும் நின்று போவதாகப் பிள்ளைகள் நம்பிவிடுகிறார்கள். குறுக்கே நாலைந்து அம்பு நீங்களே போடுங்கள். மாறிய பாறையிலிருந்து நேரே மணலுக்கு ஒன்று, கட்டாயம்.