தோல் புற்றுக்குக் கணக்கு உதவுமா? – கடிதம்

அன்புள்ள சார்,

எனக்குப் பாகூர். புதுச்சேரியில் எம்.எஸ்சி. கணிதம் படிக்கிறேன். தாத்தாவுக்குக் குதிகாலில் கறுப்பாக ஒரு தடிப்பு இருந்தது. கால் ஆணி என்று நினைத்து ஒன்றரை வருஷம் பிளேடால் சீவிக்கொண்டே இருந்தார். போன மாதம் மெலனோமா என்ற தோல் புற்று என்று சொல்லி அறுவை செய்தார்கள். அதே வாரம் வகுப்பில் புற்று வளர்ச்சிக்கு வகைக்கெழுச் சமன்பாடு நடத்தினார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. இதை எழுதி என் தாத்தாவுக்கு என்ன ஆகப்போகிறது?

அன்புள்ள தம்பி,

கோபம் நியாயம்தான். தாத்தா காலை ஊன்ற ஆரம்பித்துவிட்டாரா? வெயிலில் கிடந்து உழைத்ததால் வந்தது என்று வீட்டில் பேசியிருப்பார்கள். உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியில் வரும் இந்த வகைக்கும் வெயிலுக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. கறுத்த தோல்காரர்களுக்கு மெலனோமா வந்தால் அதிகமும் அங்கேதான் வரும். பாப் மார்லிக்குக் கால்விரல் நகத்தடியில் வந்தது, 1981இல் 36 வயதில் போய்விட்டார்.

சரி, கணக்குக்கு வருகிறேன். ஒரு செல் 30 முறை இரட்டித்தால் நூறு கோடியைத் தாண்டிவிடும், அதாவது ஏறக்குறைய ஒரு சுண்டைக்காய் அளவுக் கட்டி. கோடியில் ஒன்றுக்கு மட்டும் மருந்தைத் தாங்கும் குணம் தற்செயலாக அமைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், முதல் மாத்திரையை விழுங்கும் முன்பே அப்படிப்பட்ட நூறு செல் உள்ளே இருக்கும். 2011இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற வெமுராஃபெனிப் என்ற மாத்திரை, பிராஃப் என்ற மரபணு மாறியிருந்த மெலனோமாக்களை மளமளவென்று சுருக்கியது. பலருக்கு ஆறேழு மாதத்தில் கட்டி மறுபடி வளர்ந்தது.

நெல்லிக்குப்பம் பக்கம் என் சித்தப்பா கத்தரி போட்டிருந்தார். காய்ப்புழுவுக்கு வாராவாரம் ஒரே மருந்தை அடிப்பார். இரண்டாம் வருஷம் அவர் பறித்துக் கொடுத்த காயைப் பிளந்து பார்த்தேன், தோலில் மருந்து வாடை போகவில்லை, உள்ளே இளஞ்சிவப்பாக ஒரு புழு நெளிந்துகொண்டிருந்தது. மருந்துக்குச் சாகிறதெல்லாம் செத்துப்போக, சாகாததற்குத் தோட்டம் முழுக்கச் சொந்தமாகிவிட்டது. ஃபுளோரிடாவில் ராபர்ட் கேட்டன்பி என்ற மருத்துவர் பூச்சி மருந்தின் இந்தக் கதையைத்தான் புற்றுக்குச் சமன்பாடாக எழுதினார். மருந்துக்கு மடங்கும் செல்களைக் கொஞ்சம் விட்டுவைத்தால் அவை இடத்துக்கும் சத்துக்கும் போட்டி போட்டு மற்றதை அடக்கிவைக்கும் என்று 2009இல் சொன்னார்.

2013இல் மெலனோமா வளர்த்த எலிகளில் விட்டுவிட்டு மருந்து கொடுத்தபோது பலன் தெரிந்தது. மெலனோமா வந்த மனிதர்களிடம் நடத்தி 2020இல் வெளிவந்த சோதனையில் தலைகீழ்: விடாமல் மருந்து எடுத்தவர்களுக்கு நோய் மறுபடி வளர 9 மாதம் ஆனது, விட்டுவிட்டு எடுத்தவர்களுக்கு ஐந்தரை மாதம்தான். எனக்கு இந்தத் தோல்விதான் முக்கியம். அங்கே மூன்று வாரம் ஓய்வு, ஐந்து வாரம் மருந்து என்று காலண்டரைப் பார்த்து நிறுத்தினார்கள், கட்டியைப் பார்த்து அல்ல. புராஸ்டேட் புற்றில் கேட்டன்பி குழுவினர் ரத்தத்தில் பிஎஸ்ஏ (புராஸ்டேட் செல்கள் விடும் ஒரு புரதம்) பாதியாகக் குறைந்ததும் மருந்தை நிறுத்தி, பழைய அளவுக்கு ஏறியதும் தொடங்கி, ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு வைத்தார்கள். சிறிய சோதனைதான், ஆனால் நோய் நன்றாகவே அடங்கியிருந்தது. மெலனோமாவில் அப்படி நம்பி நிறுத்தத்தக்க ரத்த அளவு கையில் இல்லை. கொஞ்சம் அளவுகளை வைத்துக்கொண்டு ஒரு ஆளுக்கான வளர்ச்சி வேகத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? அது மருத்துவருடன் சேர்ந்து உங்களைப் போன்ற ஆட்கள் செய்ய வேண்டிய வேலை, அதனால்தான் வகுப்பை விட்டுவிடாதீர்கள் என்கிறேன்.

இதைப் படித்துவிட்டு தாத்தாவின் மருந்தில் யாரும் கை வைக்கக் கூடாது, அது டாக்டர் முடிவு. பயாப்ஸி ரிப்போர்ட்டில் மில்லிமீட்டரில் ஒரு தடிமன் எழுதியிருப்பார்கள், பிரெஸ்லோ என்ற மருத்துவர் 1970இல் கொண்டுவந்த அளவு அது. அதன் அர்த்தத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அப்புறம் மாதம் ஒருமுறை இரண்டு பாதத்தையும் ஒரு ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, தேதி போட்டு வையுங்கள். பாட்டியின் காலையும் திருப்பிப் பாருங்கள்.