தாத்தா வீட்டுச் சுவர்

கேள்வி: கீழக்கரையில் கடல் பவளப்பாறையிலிருந்து வெட்டிய பவளக்கல்லால் தாத்தா கட்டிய வீடு. சுவரடியில் உப்புப் பூத்து, விரல் பட்டாலே மாவாக உதிர்கிறது. சிமென்ட் பூசலாமா, இடித்துவிட்டு கான்கிரீட்டில் கட்டலாமா?

பதில்: தயவுசெய்து இடிக்காதீர்கள், சிமென்டும் வேண்டவே வேண்டாம். நுண்துளை நிறைந்த அந்தக் கல் ஈரத்தை இழுக்கும், சுண்ணாம்புப் பூச்சு வழியாக அது வெளியேறிவிடும். மேலே சிமென்டைப் பூசினால் ஈரமும் உப்பும் உள்ளேயே தங்கிக் கல்லையே அரித்துவிடும். உதிர்வதைச் சுரண்டி, காயவிட்டு, சுண்ணாம்பையே பூசுங்கள். கடற்கரை மணலைக் கலக்காதீர்கள், அதிலேயே உப்பு இருக்கிறது. கான்கிரீட் வீடு என்றால், இந்த உப்புக்காற்றில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும்.

சரி, கல் பெயர்ந்த இடத்துக்கு? புதுப் பவளக்கல்லைத் தேடாதீர்கள். 2001 முதல் பவளப்பாறைகளுக்கு வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு; மன்னார் வளைகுடாவில் இரண்டு தீவுகள் மூழ்கியதற்குப் பவளக்கல் வெட்டியதும் ஒரு காரணம். சுட்ட செங்கல்லை வைத்துச் சுண்ணாம்புச் சாந்தில் கட்டுங்கள், போதும்.