வேதாரண்யம், 1930: சட்டமறுப்பு பற்றிக் கேள்வி பதில்

கே: தண்டி இருக்கும்போது வேதாரண்யம் எதற்கு, சார்?

ப: உப்பு வரி எல்லோருக்கும்தானே? காந்தி 1930 ஏப்ரல் 6-இல் தண்டியில் உப்பு எடுத்தார். ஒரு வாரம் கழித்து, 13-ஆம் தேதி, ராஜாஜி தலைமையில் சுமார் நூறு பேர் திருச்சியிலிருந்து கிளம்பினார்கள். 150 மைல் நடை. 30-ஆம் தேதி அகஸ்தியம்பள்ளி உப்பளத்தில் உப்பள்ளினார்கள். ராஜாஜிக்கு 6 மாதச் சிறை.

கே: ஹெல்மெட் போடாமல் போவதும் சட்டமறுப்புதானே?

ப: இல்லை.

கே: பெண்கள் யாரும் சிறைக்குப் போனார்களா?

ப: ருக்மிணி லட்சுமிபதி. உப்புச் சத்தியாகிரகத்தில் சிறை சென்ற முதல் பெண்.

கே: சோற்றை மரத்தில் கட்டினார்களாமே, நிஜமா?

ப: நிஜம். நடந்து வருகிறவர்களுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் சிறை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் அறிவித்திருந்தார். ஊர்க்காரர்கள் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். யார் கட்டியது என்று போலீஸ் புளியமரத்தையா விசாரிக்கும்?

கே: அப்படியென்றால் அது ஒளிந்து செய்த வேலை. காந்தி மார்ச் 2-ஆம் தேதியே வைசிராய் இர்வினுக்குக் கடிதம் எழுதிவிட்டுத்தான் சட்டத்தை மீறினார். ‘மறைத்துச் செய்தால் அது சட்டமறுப்பு ஆகாது’ என்று நீங்களே நூறு தடவை சொல்லியிருக்கிறீர்கள்.

ப: சரியான இடத்தில் பிடித்தீர்கள். இதைப் பற்றி என் மைத்துனரோடு பல தீபாவளிக்குச் சண்டை போட்டிருக்கிறேன். சிறைக்குத் தயார் என்று கிளம்பியவர்கள் தொண்டர்கள். ஊர்க்காரர் அப்படிக் கிளம்பவில்லை. அவர் வீட்டு வாசலுக்குத்தான் சட்டம் வந்து நின்றது.

கே: சமாளிக்கிறீர்கள்.

ப: கொஞ்சம். சரி, வைரப்பனைப் பாருங்கள். வேதாரண்யத்தில் சவரத் தொழிலாளி. போலீசுக்குச் சவரம் செய்வதில்லை என்பது அவர் வைராக்கியம். மஃப்டியில் ஒரு போலீஸ்காரர் வந்து உட்கார்ந்தார். பாதி முகம் மழித்த பிறகுதான் ஆள் யாரென்று தெரிந்தது. கத்தியை மடக்கிவிட்டார். மிச்சத்தையும் மழிக்கச் சொன்ன மாஜிஸ்திரேட்டிடம், ‘நீங்களே மழித்துவிடுங்கள்’ என்று சவரப்பெட்டியை நீட்டினாராம். அவருக்கும் சிறை. உங்கள் அளவுகோலுக்கு இது பொருந்துகிறதா?

கே: சிக்னலை மீறினால்...

ப: மேலே, ஹெல்மெட் பதில்.

கே: என்மேல் ஒரு போராட்ட வழக்கு இருக்கிறது. என்ன செய்யலாம்?

ப: வக்கீலைப் பாருங்கள், இன்றைக்கே. நான் சரித்திர வாத்தியார்.

கே: நான் விடுவதாக இல்லை. வைரப்பன் நேருக்கு நேர் மறுத்தார். சோறு கட்டியவர்கள்?

ப: நேருக்கு நேர் சோறு போட்டவரும் உண்டு. கும்பகோணத்தில் பந்துலு ஐயர் தன் வீட்டிலேயே எல்லோரையும் தங்கவைத்துச் சிறைக்குப் போனார். ஆனால் அவர் ஊரில் பெரிய மனிதர். அவர் உள்ளே போனாலும் அடுப்பு எரியும். அன்றாடம் கூலிக்குப் போகிறவன் 6 மாதம் உள்ளே இருந்தால் பிள்ளைகளுக்கு யார் கஞ்சி ஊற்றுவது? அவனும் அந்த உத்தரவுக்குக் கீழ்ப்படியவில்லை, பெயரைத்தான் சொல்லவில்லை. என் நூறு தடவையில் ஒன்றைக் குறைத்துக்கொள்கிறேன். ஹெல்மெட்காரருக்கு அது செல்லாது.