நீல் தீவில் நாலு நாள்: கேட்டவர்களுக்குப் பதில்

அந்தமானில் பதினாறு வருடம் வேலை பார்த்துவிட்டு ராயபுரத்துக்கே திரும்பி வந்தவன் நான். நீல் தீவைப் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதுதான் தாமதம், கேட்டுத் தள்ளிவிட்டீர்கள். 2018இல் அதற்கு ஷாஹீத் தீவு என்று பெயர் மாற்றினார்கள். என் வாய்க்கு நீல்தான் வருகிறது.

தண்டையார்பேட்டை அக்கா: சும்மா உட்கார்ந்து கடல் பார்க்க வேண்டும். ஹேவ்லாக்கா, நீலா?

நீல்தான் அக்கா. பக்கத்துத் தீவான ஹேவ்லாக்கில் ராதாநகர் கடற்கரை அழகு, ஆனால் கூட்டம். நீலில் ஒரு சிறு கடைத்தெரு, சுற்றிலும் காய்கறித் தோட்டம், அவ்வளவுதான். வாடகை சைக்கிளில் தீவையே சுற்றலாம். விடியலுக்கு சீதாபூர், அஸ்தமனத்துக்கு லட்சுமண்பூர். ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள்: சென்னையைவிட அங்கே ஐம்பது நிமிடம் முன்னதாகவே சூரியன் உதித்து மறையும், கடிகாரம் மட்டும் அதே நேரம் காட்டும். டிசம்பரில் 5 மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும். டீ குடித்துவிட்டு மெதுவாகக் கிளம்பினால் அஸ்தமனம் போச்சு.

திருவொற்றியூர்: எங்கள் பக்கம் கடற்கரை என்றாலே கல்தான். அங்கே மணல் உண்டா?

உண்டு, மாவு போல வெள்ளையாக. பவளத்தைக் கொறித்துத் தின்னும் கிளிமீனின் கழிவுக்கும் அதில் பங்கு உண்டு, தெரியுமா? உங்கள் கரையில் மணல் இல்லாததற்கும் காரணம் உண்டு. வருடத்தில் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். துறைமுகச் சுவர் அதை மறித்தது. மெரினா அகன்றது, நம் பக்கம் அரித்தது.

காசிமேடு தம்பி: கடலிலேயே வளர்ந்தவன் அண்ணே. நீரேற்றம், வற்றம் எல்லாம் எனக்குச் சொல்ல வேண்டுமா?

சொல்ல வேண்டும். நம் கரையில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர் சுமார்தான், அதனால் கண்டுகொள்ள மாட்டோம். அங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இரண்டு மீட்டர் வரை போகும். லட்சுமண்பூரில் கடல் குடைந்த ஒரு பாறை வளைவு இருக்கிறது. வற்றத்தில்தான் அங்கே நடந்து போக முடியும். இன்று பிற்பகல் 3 மணிக்கு வற்றினால் நாளை 3.50 சுமாருக்கு. விடுதியில் நேரம் கேட்டுக்கொண்டு, வற்றுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விடு.

பாறைக் குழிகளில் தண்ணீர் தேங்கி நிற்கும். குனிந்து பார். நீல உதடு வைத்த பெரிய சிப்பி ஒன்று திறந்திருக்கும். உன் நிழல் விழுந்ததும் உதட்டை உள்ளே இழுத்துக்கொள்ளும். நான் அரை மணி நேரம் அதோடேயே விளையாடி, முழங்கால் நனையத் திரும்பி வந்திருக்கிறேன். ரப்பர் செருப்பு போடு, செத்த பவளம் பிளேடு மாதிரி.

கொருக்குப்பேட்டை: கரையில் ஒதுங்கிய பவளம், ஒரே ஒரு துண்டு எடுத்து வரலாமா?

கூடாது. செத்த துண்டும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில்தான் வரும். விமான நிலையத்தில் பையை ஸ்கேன் செய்து பிடிப்பார்கள்.

பழைய வண்ணாரப்பேட்டை அண்ணன்: ஏன் எல்லாரும் விமானம்? நம் துறைமுகத்திலிருந்தே கப்பல் போகிறதே!

போகிறது. ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர், இரண்டரை மூன்று நாள். அக்கா கேட்டது நாலு நாள் ஓய்வு, போய் வரவே ஐந்தாறு நாள் போய்விடும். மாதத்துக்குச் சில கப்பல்தான், தேதியும் மாறும்.

அதே அண்ணன்: மூன்று நாள் கடல் பார்ப்பது ஓய்வில்லையா? கப்பலின் பங்க் படுக்கையில் படுத்துப் போன சுகம் விமானத்தில் வருமா?

பங்க்கில் உங்களுக்கு மேலே படுத்தவர் வாந்தி எடுக்காதவரை சுகம்தான். ஜூலையில் போய்ப் பாருங்கள், அப்புறம் பேசுவோம்.

காசிமேடு தம்பி: அண்ணன் சொல்வது சரி. மேல்தளத்தில் ராத்திரி நட்சத்திரம் பார்த்தால் வாந்தியாவது ஒன்றாவது.

நீ காசிமேடு, உனக்கு வராது. உன் மாமியாரைக் கூட்டிப் போ, பார்க்கலாம். சரி, சமாதானம்: விடுப்பு நிறைய இருந்தால், டிசம்பரிலிருந்து ஏப்ரலுக்குள், போகும்போது கப்பல், வரும்போது விமானம். நானே அப்படித்தான் போவேன். ஆனால் நீலிலிருந்து விமானத்துக்கு முந்தைய நாளே போர்ட் பிளேர் (2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள்) வந்துவிடுங்கள். காற்றடித்தால் படகு ரத்தாகும், விமானம் காத்திருக்காது.

எம்.கே.பி. நகர்: பெர்மிட் வேண்டுமா?

இந்தியர்களுக்கு நீல் போக வேண்டாம்.

வியாசர்பாடி: சாப்பாடு? இட்லி கிடைக்குமா?

நீலில் குடியேறியவர்கள் பெரும்பாலும் கிழக்கு வங்காளத்தார். சோறு, பருப்பு, கடுகெண்ணெயில் மீன். இரண்டாம் நாள் பழகிவிடும். ஏடிஎம்மை நம்பாமல் கையில் பணம் வையுங்கள்.

எண்ணூர்: சின்னதாக ஒரு சங்கு, குழந்தைக்கு...

அண்ணே, மேலே கொருக்குப்பேட்டைக்குச் சொன்னதைப் படியுங்கள்.

மறுபடி தண்டையார்பேட்டை அக்கா: நான் கப்பலா, விமானமா?

விமானம் அக்கா. அண்ணன் பேச்சைக் கேட்காதீர்கள்.