மச்சில் மரநாய், முற்றத்தில் பூனை: விஷம் வைக்கலாமா?

நாகர்கோவில் ஒழுகினசேரிப் பக்கமிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "எங்களுடையது பழைய ஓட்டு வீடு. ராத்திரியானால் அடுக்களைக்குப் பின்னால் நாலைந்து பூனைகள் சண்டை போடுகின்றன, மச்சில் ஏதோ தடதடவென்று ஓடுகிறது, மரநாய் என்கிறார்கள். தவழ்கிற குழந்தை இருக்கிறது. சாளை மீனில் விஷம் கலந்து வைக்கலாமா?"

வைக்காதீர்கள் அம்மா. மரநாய் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும், பூனையைக் கொல்வதும் குற்றம்தான். சட்டத்தை விடுங்கள், தவழ்கிற பிள்ளை இருக்கும் முற்றத்தில் விஷத்தை வைத்துவிட்டு நீங்கள் எப்படித் தூங்குவீர்கள்? இந்தப் பூனைகள் செத்தாலும் அடுத்த தெருப் பூனைகள் வந்துவிடும், ஏனென்றால் அவற்றைக் கூப்பிடுவது உங்கள் தென்னை மூடு, அதாவது மரத்தடி. மீனை வெட்டி செதிள், குடல், கழுவின தண்ணீர் எல்லாவற்றையும் அங்கேயே கொட்டுவது நம்மூர் வழக்கம். இனி இரண்டடி ஆழத்தில் குழி எடுத்து, கழிவைப் போட்டு, மண்ணை நன்றாக மிதித்து, மேலே ஒரு கனமான கல்லை வையுங்கள். தென்னைக்கும் நல்ல உரம். விளையில் விழுந்த சக்கைப்பழத்தை அன்றன்றே எடுத்துவிடுங்கள், மட்டி வாழைக்குலையை பழுக்கும்வரை திண்ணையில் தொங்கவிடாதீர்கள், மரநாய்க்குப் பழம் என்றால் உயிர். ஒரே நாளில் பலன் தெரியாது, சில வாரம் விடாமல் செய்ய வேண்டும்.

மச்சில் இருப்பது எது என்று உறுதி செய்ய, ஓடு விலகிய சந்தில் கொஞ்சம் கோலப்பொடி தூவி வைத்து விடிந்ததும் தடத்தைப் பாருங்கள். பூனைத் தடத்தில் நாலு விரல்தான், நகம் பதியாது. மரநாய்க்கு ஐந்து விரல். கூரையிலோ மதிலிலோ பழக்கொட்டை நிறைந்த எச்சம் கிடந்தால் பெரும்பாலும் மரநாய்தான்.

நான் பயப்படுவது கடியையும், அதனால் வரும் வெறிநோயையும் (ரேபிஸ்) நினைத்துத்தான். பூனையோ மரநாயோ கீரியோ, கடித்தாலும் நகத்தால் கீறினாலும் உடனே ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும், கடிகாரத்தைப் பார்த்து. மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் அப்பாதீர்கள். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போங்கள், அரசு மருத்துவமனையில் தடுப்பூசி இலவசம். தோலில் போடும் முறையில் முதல் நாள் (அதை 0 என்று எண்ண வேண்டும்), அப்புறம் 3, 7, 28ஆம் நாள். ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற நோயெதிர்ப்பு மருந்தும் போட வேண்டும், அதை நீங்களே கேளுங்கள். கடித்த விலங்குக்கு நோய் தெரிகிறதா என்று பத்து நாள் கவனிப்பது நாய்க்கும் பூனைக்கும் மட்டும்தான், அதுவும் முதல் ஊசியைப் போட்டுக்கொண்டு. காட்டு விலங்கு கடித்தால் அந்தக் கணக்கு செல்லாது.

குழந்தை தவழும் மண்ணில் பூனை மலம் கிடந்தால் அன்றே அள்ளிப் புதைத்துவிட்டு கையைச் சோப்பால் கழுவுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அந்த வேலையை வேறு யாராவது செய்யட்டும். அதில் டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி இருக்கலாம், வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும்.

ஓடு விலகிய இடைவெளியை அடைக்கும் முன் குட்டிச் சத்தம் கேட்கிறதா என்று நாலைந்து நாள் காது கொடுங்கள். குட்டி இருந்தால் அது வளர்ந்து தாயோடு வெளியேறும்வரை, இரண்டு மூன்று மாதம் ஆனாலும், பொறுத்துக்கொள்ளுங்கள். உள்ளே வைத்து மூடினால் குட்டி செத்து நாறும், தாய் ஓட்டைப் பிய்க்கும். குட்டி இல்லையென்றால் ராத்திரி மரநாய் இரை தேடிப் போனபிறகு, பொடியில் தடம் வெளிப்பக்கமாக மட்டும் இருப்பதைப் பார்த்துக்கொண்டு, கம்பிவலை வைத்து அடையுங்கள். குட்டி கீழே விழுந்து கிடந்தால் வெறுங்கையால் தொடாமல் நாகர்கோவில் மாவட்ட வன அலுவலகத்துக்குச் சொல்லுங்கள், அவர்கள் வரும்வரை பூனைகளை விரட்டிக்கொண்டு தள்ளி நின்றால் போதும்.